நாய் சாப்பிடாவிட்டால் பல்முரசைப் பாருங்கள்

எங்கள் ஒழுங்கையில் ஒரு நாய் சாப்பாட்டைத் தொடவில்லை என்று தெரிந்தால் போதும், பின்னேரத்துக்குள் ஆளுக்கொரு யோசனை வாசலுக்கு வந்துவிடும். ரின் மீன் பிசைந்து குடுங்கோ. கோழி ஈரல் அவித்து வையுங்கோ. பாணில் மாஜரின் பூசி நீட்டுங்கோ. நெஸ்டமோல்ட் கரைத்து ஊத்துங்கோ, தெம்பு வரும். சொல்கிற எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் நெருக்கியடித்துக் கிடக்கும் இந்த வீடுகளிலும் தொடர்மாடிகளிலும் ஒரு நாய்க்குச் சுகமில்லை என்றால் அது அக்கம்பக்கம் முழுவதற்கும் கவலை. ஆனால் அத்தனை யோசனையும் ‘எதைக் கொடுத்தால் சாப்பிடும்?’ என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில். வருடக்கணக்காக நாய்களோடு வாழ்ந்த பிறகு எனக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கை இல்லை. ஏன் சாப்பிடவில்லை என்று தெரியும்வரை புதிதாக எதையும் சமைத்து நீட்டாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

சுகமில்லாத நாய்கூட ஈரல் துண்டைக் கண்டால் சிலவேளை விழுங்கிவிடும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த நாள் ஈரலும் வேண்டாம் என்னும், இறைச்சிக்குப் போவோம். பிறகு முட்டை. இப்படி ஒவ்வொரு ருசியாக ஏறிக்கொண்டு போகையில் நோய்க்குத்தான் நாட்கள் கிடைக்கின்றன. நாயால் வலிக்கிறது, குமட்டுகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்ல முடியாது. கோப்பையை விட்டு விலகுவதுதான் அது சொல்லக்கூடிய ஒரே சொல். அந்தச் சொல்லை ஈரலால் மூடிவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். பெரியவன் பீமன். ஒழுங்கை முகப்பில் குட்டியாகக் கிடந்து எங்களோடு வந்து சேர்ந்த ஊர்நாய், பழுப்பு நிறம், 15 கிலோ. மற்றவள் சின்னி, வயதான பொமரேனியன். அவள் கதை பிறகு.

பீமன் பெயருக்கேற்றபடி சாப்பிடுகிறவன். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு ஒரு காலையில் கோப்பைக்குக் கிட்ட வந்தான், மணந்தான், திரும்பிப் போய்ப் படியில் படுத்துவிட்டான்.

“வெக்கைக்குத்தான். ராத்திரி முழுக்கக் காத்தே இல்லை. பசிச்சால் தானா வந்து தின்னுவான்” என்றார் அம்மா.

ஏப்ரல் மாதக் கொழும்பில் அதை மறுக்க முடியாது. வெக்கையில் நாய்கள் குறைவாகச் சாப்பிடும். உச்சி வேளைச் சாப்பாட்டை முற்றாக விட்டுவிட்டு இருட்டிய பிறகு சாப்பிடுகிற நாய்கள் நிறைய. பக்கத்து வீட்டு அன்ரி வேறு காரணம் சொன்னார்: ஒழுங்கைக்குள் ஒரு பெட்டை நாய் பருவத்தில் திரிகிறது, கடுவனுக்கு அந்த நேரம் சாப்பாடு இறங்காது. அதுவும் உண்மைதான், நலம் தட்டாத, அதாவது கருத்தடை செய்யாத, கடுவன்களில் அடிக்கடி பார்க்கலாம். வருடப்பிறப்புப் பட்டாசுப் பயம் என்று இன்னொருவர். எதிர்வீட்டு அம்மம்மா நாவூறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னார். போட்டோம், அவர் மனம் ஆறட்டும் என்று.

இந்தக் காரணங்களில் பெரும்பாலானவை நடக்கக்கூடியவை. அதுதான் ஆபத்தும். நம்பக்கூடிய ஒரு காரணம் கையில் கிடைத்தவுடன் நாயைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. வெக்கையால் சாப்பிடாத நாய் தண்ணீர் குடிக்கும், வால் ஆட்டும், வாசலில் யாராவது வந்தால் குரைக்கும். பெட்டை நாய்க்காக ஏங்குகிற கடுவன் படுத்துக் கிடக்காது, கேற்றைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். பீமன் மீன்காரரின் மணிச் சத்தத்துக்கும் தலை தூக்கவில்லை. எழும்பச் சொன்னபோது பின்னங்கால்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றி எழுந்தான்.

அப்போதுதான் நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன். மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பல்முரசைப் பார்த்தேன்.

சுகமான நாயின் முரசு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் அந்த இடம் வெளுத்து, 2 வினாடிக்குள் மறுபடி சிவக்கும். எங்கள் ஊர்நாய்கள் பலவற்றுக்கு முரசு பிறவியிலேயே கறுப்பு, பீமனுக்கும் அப்படித்தான். அப்படியானால் கீழ்க்கண் இமையைக் கட்டைவிரலால் கொஞ்சம் இறக்கி உள்பக்க நிறத்தைப் பாருங்கள். நாய் சுகமாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்து, முடிந்தால் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். வழமையான நிறம் தெரியாவிட்டால் வெளிறியதும் தெரியாது. பீமனின் இமைக்குள் நிறம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி இருந்தது.

பிறகு காய்ச்சல். மூக்கு காய்ந்திருக்கிறதா, காது சுடுகிறதா என்று பார்ப்பதை நான் விட்டு எத்தனையோ காலம். நித்திரையில் கிடந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். பார்மசியில் வாங்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை நாய்க்கென்று தனியாக வைத்து, நுனியில் வாஸ்லின் பூசி, மலவாசலில் ஓர் அங்குலம் விட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் தலையைத் தழுவிப் பிடித்துக் கதைத்துக்கொண்டிருந்தால் நாய் அனேகமாகப் பொறுத்துக்கொள்ளும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 பாகை பரனைற், அதாவது 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். எங்களுக்குக் காய்ச்சலாக இருக்கும் 101 நாய்க்குச் சாதாரணம் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். பீமனுக்கு 104-ஐத் தாண்டியிருந்தது.

இதற்குப் பிறகு ஈரல் அவிப்பதில் என்ன அர்த்தம்? ஓட்டோ பிடித்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம்.

டொக்டர் சிங்களவர், இளம் பெண், பேராதனையில் படித்தவர். இலங்கையில் மிருக வைத்தியம் படிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் தவிர வேறு பீடம் இல்லை, ஆகவே எங்கள் டொக்டர்களில் அனேகமானோர் அங்கிருந்து வந்தவர்கள்தான். அவர் முதலில் கேட்டது என்ன கொடுத்தீர்கள் என்றல்ல. கடைசியாக முழுச் சாப்பாடு சாப்பிட்டது எப்போது, தண்ணீர் குடிக்கிறானா, சலம் என்ன நிறம், சத்தி எடுத்தானா, உண்ணி கண்டீர்களா என்று கேட்டார். சலம் தேத்தண்ணி நிறத்தில் போனதை அம்மா காலையில் கண்டிருந்தார். அதைச் சொன்னதும் டொக்டரின் முகம் மாறியது. இரத்தம் எடுத்தார். சிவப்பணுக்கள் இரத்தத்தில் எவ்வளவு பங்கு என்று பார்க்கும் பரிசோதனையில் சுகமான நாய்க்கு 37 முதல் 55 வீதம் இருக்க வேண்டும். பீமனுக்கு 22.

உண்ணிக் காய்ச்சல். எங்கள் நாட்டு நாய்களில் பரவலாகக் காணப்படும் பபேசியா கிப்சோனி என்ற நுண்ணுயிர். உண்ணி கடிக்கும்போது இரத்தத்துக்குள் போய், சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். உடைந்த அணுக்களின் நிறந்தான் சலத்தில் தேத்தண்ணியாகப் போவது. காய்ச்சலை உண்டாக்கும் அதே இரசாயனங்கள் மூளையில் பசியையும் அடக்குகின்றன. அதனால்தான் இந்த நோயில் எல்லாவற்றுக்கும் முதலில் சாப்பாடு நிற்கிறது, நாங்கள் வெக்கை என்று நினைத்துக்கொள்கிறோம். நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணாடித் துண்டில் கிருமி தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, கிப்சோனி மிகச் சிறியது என்றும் டொக்டர் சொன்னார். உண்ணியால் வரும் மற்ற நோயான ஏர்லிக்கியா சிலவேளை கூடவே வரும். அதில் இரத்தத்தட்டுகள் குறைந்து மூக்கால் இரத்தம் வரலாம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். அதற்கு டொக்சிசைக்கிளின் என்ற மருந்தை ஏறக்குறைய 4 கிழமை கொடுக்க வேண்டும். இரண்டொரு நாளில் நாய் துள்ள ஆரம்பித்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

பீமனுக்குக் கொடுத்தது அட்டோவகுவோனும் அசித்ரோமைசினும், 10 நாளைக்கு. இங்கேதான் உண்மையான சிக்கல். அட்டோவகுவோன் வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். சாப்பிடாத நாய்க்கு, சாப்பாட்டோடு கொடுக்க வேண்டிய மருந்து! காரணம் தெரிந்துவிட்ட பிறகு வருகிற இந்தக் கட்டத்தில்தான் ருசிக்கு வேலை. அதுவரை ஈரலைப் பத்திரமாக வைத்திருந்தது இப்போது உதவியது.

டொக்டர் முதலில் குமட்டலுக்கு ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார். வயிறு புரட்டிக்கொண்டிருக்கும்போது எதை நீட்டினாலும் நாய் அந்த மணத்தையும் புரட்டலையும் சேர்த்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், சுகமான பிறகும் அந்தச் சாப்பாட்டை வெறுக்கும் என்று சொன்னார். அதே காரணத்துக்காகக் குளிசையை அதன் நாளாந்தச் சோற்றுக்குள் ஒளிக்கக் கூடாது. கசப்பை ஒரு தடவை கண்டுபிடித்தால் சோற்றையே சந்தேகிக்கும். நாங்கள் குளிசையை ஒரு சின்ன ஈரல் உருண்டைக்குள் வைத்தோம், முதலில் வெறும் உருண்டை, பிறகு மருந்து உருண்டை, உடனே மறுபடி வெறும் உருண்டை. விழுங்கி முடிய சாப்பாடு தனியாக.

சாப்பாட்டை வெதுவெதுப்பாக்கினால் மணம் எழும்பும், நாய்க்கு மூக்கால்தான் பசிக்கும். விரல் வைத்தால் சுடாத அளவு போதும். கோப்பையை ஒரு 20 நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும். கையால் ஊட்டலாம், ஆனால் வாயைப் பிளந்து திணிக்கக் கூடாது. சிரிஞ்சால் கஞ்சியை வேகமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்ச் சளிச்சுரம் வரும். மூச்சு வாங்குகிற, சோர்ந்து தலை சாய்க்கிற நாய்க்கு அது உயிராபத்து.

எவ்வளவு சாப்பிட்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதினோம். இது சின்ன விடயமாகத் தெரியும், ஆனால் வீட்டில் நாலு பேர் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, கேட்டால் நாலு பேரும் ‘சாப்பிட்டான்’ என்பார்கள். 15 கிலோ நாய் ஒன்றுக்குச் சும்மா படுத்திருக்கவே நாளுக்கு ஏறக்குறைய 530 கலோரி வேண்டும். தோல் நீக்கி அவித்த 150 கிராம் கோழி நெஞ்சிறைச்சியும் ஒன்றரைக் கப் சோறும் கிட்டத்தட்ட அவ்வளவு. மாரி பிஸ்கட் இரண்டு நக்கியது அந்தக் கணக்கில் எங்கே வரும்? சில நாள் சாப்பிடாமல் கிடந்த நாய்க்கு முழு அளவை ஒரேயடியாகவும் கொடுக்கக் கூடாது. முதல் நாள் மூன்றிலொரு பங்கு, சிறிது சிறிதாகப் பல தடவை, பிறகு கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். தண்ணீருக்கும் கணக்கு உண்டு: கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர்.

அந்தக் கோழிச் சோற்றில் உப்பு, தூள், வெங்காயம் எதுவும் இல்லை. வெங்காயத்தை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் நாய்க்குச் சோறு வைத்தால் மேலே கொஞ்சம் சொதியோ கறிக் குழம்போ ஊற்றுவது வழமை. வெங்காயமும் உள்ளியும், அவித்தாலும் பொரித்தாலும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அளவு கூடினால் சில நாள் கழித்து முரசு வெளிறும், சலம் கறுக்கும், சாப்பாடு நிற்கும். பார்வைக்கு உண்ணிக் காய்ச்சல் போலவே இருக்கும். ஏற்கனவே இரத்தம் குறைந்த நாய்க்கு ருசிக்காகக் குழம்பு ஊற்றுவதைப் போலக் கெடுதி வேறில்லை. கோழி எலும்பும் அப்படி. அவித்த எலும்பு ஈர்க்காகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

இப்போது சின்னி.

மாமி கனடாவுக்குப் போகும்போது சின்னியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். கொழும்பில் இந்தக் கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், விசா வருகிறது, சாமானைக் கொடுத்துத் தீர்க்கிறார்கள், கடைசியில் நாய் ஒன்று மிஞ்சுகிறது. சின்னி வந்த நாளிலிருந்து கேற்றடியில் கிடந்தாள். சாப்பாடு பாதிக்கு வந்தது, பிறகு இன்னும் குறைந்தது. மாமி வட்ஸ்அப்பில் அழுதார். “என்னை நினைச்சு ஏங்குது பிள்ளை, என்ர குரலைக் கேட்கவிடு” என்று சொல்லி, போனை அவளின் காதடியில் வைக்கச் சொல்லிக் கதைத்தார். வீட்டுக்கு வந்த எல்லாரும் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

ஏக்கம் பொய்யல்ல. வளர்த்தவர் போனபின் நாய் சில நாள் சாப்பாட்டைக் குறைப்பதை நான் கண்டிருக்கிறேன், அதற்கு அதே நேரத்தில் அதே கோப்பையில் சாப்பாடு, அதே பாதையில் நடை, பழைய போர்வை என்று பழகியதைப் பழகியபடி வைத்தால் மெல்லத் தேறும். ஆனால் சின்னி சாப்பிடாத விதம் ஏக்கத்துக்குப் பொருந்தவில்லை. கோப்பைச் சத்தம் கேட்டால் ஓடி வருவாள். வாயில் எடுப்பாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே கீழே போட்டுவிடுவாள். மறுபடி எடுப்பாள், போடுவாள். பிறகு கோப்பையைப் பார்த்தபடி நிற்பாள். பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தால் விழுங்கினாள்.

பசி இருக்கிறது, வாய் விடவில்லை. பீமன் கோப்பையை விட்டு முகத்தைத் திருப்பினான், இவள் கோப்பையைத் தேடி வந்து தோற்றாள். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு. ஆசையாக வந்து, மணந்து, உதட்டை நக்கி நக்கி, எச்சிலை விழுங்கிவிட்டு விலகும் நாய். அது குமட்டல், காரணம் வயிற்றிலோ ஈரலிலோ சிறுநீரகத்திலோ இருக்கலாம். வயதான நாய் கூடுதலாகத் தண்ணீர் குடித்து, கூடுதலாகச் சலம் விட்டு, மெலிந்துகொண்டே வந்து இப்படி விலகினால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நாய் எப்படி மறுக்கிறது என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் போங்கள். கிளினிக் மேசையில் ஏறிய நாய் பயத்தில் எதையும் காட்டாது. எங்கள் சிங்களமும் டொக்டரின் அவசரமும் விட்ட இடைவெளியை அந்த ஒரு நிமிட வீடியோ நிரப்பிவிடும்.

வீடியோவைப் பார்த்ததும் டொக்டர் உதட்டைத் தூக்கினார். சின்னியின் மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று வேரில் சீழ் வைத்திருந்தது, மற்றப் பற்களில் மஞ்சள் காரை கல்லாக இறுகியிருந்தது. கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம், நாங்கள் மயிர் அடர்த்தி என்று நினைத்தது, அந்தப் பல்லின் சீழ்தான். சின்ன இன நாய்களுக்கு இது மிகச் சாதாரணமாக வரும். மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லைப் பிடுங்க வேண்டும். வயதைப் பார்த்து முதலில் இரத்தம் சோதித்தார்கள், பிறகு செய்தார்கள். புண் ஆறத் தொடங்கியதும் சின்னி கோப்பையைத் தள்ளித் தள்ளி நக்கினாள். மாமிக்கு அந்த வீடியோவையும் அனுப்பினேன். அவளின் ஏக்கம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை, இன்றும் பின்னேரத்தில் கேற்றடிக்குப் போகிறாள். ஆனால் ஏக்கம் என்ற சொல்லை நம்பிக்கொண்டு இருந்திருந்தால் அந்த வலியோடே இருந்திருப்பாள். அதை நினைக்க எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது.

வாயைப் பார்ப்பது பற்றி ஒரு கடும் எச்சரிக்கை. விசர்நாய் நோய் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. அந்த நோய் வந்த நாய் சாப்பிடாது, விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும், தாடை தொங்கலாம், குரைக்கும் சத்தம் கரகரத்து மாறும். பார்வைக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே இருக்கும். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாய், தெருநாய், புதிதாக மூர்க்கமாகவோ மந்தமாகவோ மாறிய நாய் எதுவானாலும் வாய்க்குள் கை விடாதீர்கள். எச்சில் காயத்திலோ கண்ணிலோ பட்டுவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, கண்ணென்றால் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். காய்ச்சல் என்றவுடன் பனடோலைப் பாதியாக உடைக்கக் கை போகும். பரசிற்றமோல் நாயின் ஈரலையும் சிவப்பணுக்களையும் தாக்கும். ஐபுபுரூஃபன், டைக்குளோபெனாக் போன்ற வலிக் குளிசைகள் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். பசிக்கென்று பார்மசியில் விற்கும் மனிதருக்கான சிரப்பும் வேண்டாம்.

நலம் தட்டாத பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் பருவம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் சாப்பாடு நின்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எங்கள் ஒழுங்கை லாப்ரடோர் ஒன்றுக்கு அப்படி நடந்தது. தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாள், சத்தி எடுத்தாள், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். கர்ப்பப்பையில் சீழ். அன்று இரவே சத்திரசிகிச்சை செய்து அகற்றியதால் பிழைத்தாள். குட்டி நாய்களும் காத்திருக்க முடியாதவை, ஒரு நேரச் சாப்பாட்டை விட்டாலே சீனி இறங்கித் தளர்ந்துவிடும்; சத்தியும் நாறும் இரத்த வயிற்றோட்டமும் சேர்ந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மாம்பழக் காலத்தில் மாங்கொட்டையை விழுங்கிக் குடலை அடைத்துக்கொண்ட நாய் சாப்பிட்டதையெல்லாம் சத்தியெடுக்கும். வயிறு உப்பி, ஓங்காளித்து, ஆனால் ஒன்றும் வெளியே வராமல் தவிக்கும் நாய்க்கு, குறிப்பாகப் பெரிய இனத்துக்கு, மணித்தியாலங்கள்கூட இல்லை. முரசு வெள்ளையானாலோ மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ, எழும்ப முடியாவிட்டாலோ அப்படித்தான். இன்சுலின் போடும் நாய் சாப்பிடாவிட்டால் வழமையான ஊசியைப் போடமுன் டொக்டரைக் கேளுங்கள்.

இவை ஒன்றும் இல்லாமல், தண்ணீர் குடித்துக்கொண்டு, கலகலப்பாகவும் இருக்கிற வளர்ந்த நாய் என்றால் 24 மணித்தியாலம் பார்க்கலாம். தடுப்பூசி போட்ட மறுநாள் சோர்ந்து கிடப்பது, வெசாக் சத்தத்தில் கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பது எல்லாம் அதற்குள் சரியாகிவிடும்.

சாப்பிடாத கோப்பையை இரவு முழுக்க வெளியில் விடாதீர்கள், பிறகு தின்னுவான் என்று. இந்தப் புழுக்கத்தில், தேங்காய்ப்பால் பட்ட சோறு கொஞ்ச நேரத்தில் புளித்துவிடும். அதைவிட மோசம், எலி வரும். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு எலிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எலியின் சலம் பட்ட தண்ணீராலும் ஈரத்தாலும் எலிக்காய்ச்சல் நாய்க்கு வரும், நாயிடமிருந்து எங்களுக்கும் வரலாம். மழை நாட்களில் நாய் சாப்பாட்டை விட்டு, கண் மஞ்சளாகி, சத்தி எடுத்தால் அந்தச் சந்தேகத்தை டொக்டரிடம் சொல்லுங்கள். அதன் சலத்தைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். வருடாந்தத் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்துப் போடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

உண்ணி விடயத்தில் நாயை மட்டும் கழுவிப் பயனில்லை. எங்கள் நாய்களில் காணும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழ்க்கையை முடித்துக்கொள்ளக்கூடியது. பெண் உண்ணி இரத்தம் குடித்துக் கொழுத்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாங்கள் சுவரோரம், கதவு நிலை, பீமனின் சாக்கு என்று எல்லாவற்றையும் வெந்நீராலும் மருந்தாலும் சுத்தம் செய்தோம். டொக்டர் எடை பார்த்துக் கொடுக்கும் உண்ணிக் குளிசை தவறுவதில்லை. தினமும் கால்விரல் இடுக்கு, காதின் உள்பக்கம், கழுத்துப் பட்டியின் கீழ், அக்குள் பார்க்கிறோம். கண்டால் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் பூசுவதை விட்டுவிடுங்கள், நாய் அதை நக்கும்.

பீமன் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் கிப்சோனி மருந்துக்குப் பிறகும் உடம்பில் ஒளிந்திருக்கக்கூடியது, உடம்பு தளரும்போது திரும்பி வரும், சண்டையில் கடிபட்டாலும் மற்ற நாய்க்குப் போகும். அதனால் மாரி தொடங்கமுன் மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு நாய்க்கு உண்ணிக் காய்ச்சலால் இரத்தம் ஏற்ற வேண்டி வந்து பீமனைக் கேட்டு வந்தார்கள். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது, இந்த நோய் வந்த நாயின் இரத்தத்தை ஏற்றினால் நோயும் சேர்ந்து போகும். உங்கள் நாய்க்கு ஒருபோதும் உண்ணிக் காய்ச்சல் வரவில்லை, நடுவயது, 25 கிலோவுக்கு மேல், தடுப்பூசிகள் ஒழுங்கு என்றால், நீங்கள் போகும் கிளினிக்கில் அதன் பெயரைக் கொடுத்து வையுங்கள். இரத்தம் தேடி வருகிறவர்கள் இரவில்தான் வருகிறார்கள்.